கதவை மூடிய பல்கலைக்கழகமும் கணக்கெடுத்த வாத்தியாரும்

இதழியல் என்பதைப் பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து படிக்கிற படிப்பாக ஆக்கி நூற்றுச் சொச்சம் வருஷம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கப் போனவன், பிழை திருத்தப் போனவன், அங்கேயே கிடந்து செய்தி எழுதவும் கற்றுக்கொண்டான். உலகத்தின் முதல் இதழியல் பள்ளி என்று பெருமையாகச் சொல்லப்படுகிற மிசௌரி பல்கலைக்கழக இதழியல் பள்ளி 1908-இல் தொடங்கப்பட்டது. அமெரிக்காவின் நடுப்பகுதியில், மிசௌரி மாநிலத்தில், கொலம்பியா என்ற ஊரில் அது இருக்கிறது. (அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை படித்தது நியூயார்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகம். அது வேறு, இந்த ஊர் வேறு.)

பள்ளியைத் தொடங்கிய வால்டர் வில்லியம்ஸ் கல்லூரிப் பட்டம் வாங்காதவர். சின்ன வயசில் அச்சகத்தில் எடுபிடியாகச் சேர்ந்து பத்திரிகை ஆசிரியராக உயர்ந்தவர். கரும்பலகையில் எழுதிப்போட்டு இந்தத் தொழிலைச் சொல்லித்தர முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. வகுப்பு தொடங்கிய முதல் நாளே மாணவர்கள் ஊருக்காக ஒரு நிஜப் பத்திரிகையை வெளியே கொண்டுவந்தார்கள். செய்து பார்த்துக் கற்பது என்கிற இந்த முறைதான் பின்னாளில் உலகம் பூராவும் பரவியது. பத்திரிகை என்பது பொதுமக்கள் நம்பி ஒப்படைத்த பொறுப்பு என்று வில்லியம்ஸ் ஒரு கொள்கை அறிக்கையும் எழுதிவைத்தார்.

அந்தப் பொதுமக்களில் யார் யார் அடக்கம் என்பதுதான் நம் கேள்வி. சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் மாணவர்கள் கடல் தாண்டி வந்து அங்கே படித்தார்கள். அதே மாநிலத்தில் பிறந்து, அதே மாநிலத்துக்கு வரி கட்டிய கறுப்பர்களின் பிள்ளைகள் மட்டும் உள்ளே வர முடியாது. தூரத்து ஆளைத் திண்ணையில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பான், பக்கத்துத் தெருக்காரனை வாசலில் நிறுத்துவான். நமக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பள்ளிக்கூடத்துக்கு முன்பே பத்திரிகை

கறுப்பின மக்கள் பத்திரிகை நடத்துவதற்கு எந்தப் பல்கலைக்கழகத்தின் அனுமதிக்காகவும் காத்திருக்கவில்லை. 1827 மார்ச் 16-ஆம் தேதி நியூயார்க்கில் ‘ஃப்ரீடம்ஸ் ஜர்னல்’ வெளிவந்தது. சாமுவேல் கார்னிஷ், ஜான் ரஸ்வர்ம் என்ற இரண்டு கறுப்பர்கள் நடத்திய வார இதழ் அது. நியூயார்க் மாநிலத்தில் அடிமைமுறை சட்டப்படி முடிவுக்கு வந்தது அதே வருஷம் ஜூலை மாதம். விலங்கு கழலுவதற்குள் பத்திரிகை வந்துவிட்டது.

ஐடா பி. வெல்ஸ் இன்னும் முக்கியமானவர். 1862-இல் அடிமைக் குடும்பத்தில் பிறந்தவர். மெம்ஃபிஸ் நகரில் பள்ளிக்கூட டீச்சர். கறுப்பர் பள்ளிகள் எவ்வளவு மோசமான நிலையில் கிடக்கின்றன என்று பத்திரிகையில் எழுதியதற்காக 1891-இல் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். முழுநேரப் பத்திரிகையாளரானார். 1892 மார்ச்சில் மளிகைக் கடை நடத்திய அவருடைய நண்பர் ஒருவரையும் கூட இருந்த இருவரையும் வெள்ளைக் கும்பல் இழுத்துப்போய்ச் சுட்டுக் கொன்றது. வெள்ளைப் பெண்களிடம் தப்பாக நடந்ததால்தான் கறுப்பர்கள் கொல்லப்படுகிறார்கள் என்பது அன்றைக்குப் பத்திரிகைகள் திரும்பத் திரும்பச் சொன்ன கதை. ஐடா அந்தக் கதையைக் கேள்விக்குள்ளாக்கினார். மே மாதம் அவருடைய பத்திரிகை அலுவலகத்தை அடித்து நொறுக்கினார்கள். ஊரில் இல்லாததால் அவர் உயிர் தப்பினார்.

அப்புறம் அவர் செய்ததுதான் பாடம். 1895-இல் வெளியிட்ட நூலில் ‘சிகாகோ டிரிப்யூன்’ என்ற வெள்ளையர் நாளேடு வருஷாவருஷம் வெளியிட்ட கொலைக் கணக்கையே எடுத்துக்கொண்டார். எங்கள் ஆட்கள் சொன்னதை நம்ப வேண்டாம், உங்கள் பத்திரிகை அச்சிட்டதையே எண்ணிப் பாருங்கள் என்பது அவர் வழி. எண்ணிப் பார்த்தால் பெரும்பாலான கொலைகளில் அந்தக் குற்றச்சாட்டே கிடையாது. வேலை பறிபோன ஒரு டீச்சர், எதிரியின் தாளிலிருந்தே எதிரியின் பொய்யை உடைக்கிற ஆய்வுமுறையை உருவாக்கிக் காட்டினார். எந்த இதழியல் பள்ளியும் அப்போது தொடங்கியிருக்கவில்லை.

லூசில் புளூஃபோர்ட்

இப்போது 1939-க்கு வருவோம். கன்சாஸ் சிட்டியில் ‘கால்’ என்கிற கறுப்பர் வார இதழின் நிர்வாக ஆசிரியராக லூசில் புளூஃபோர்ட் இருந்தார். 1911-இல் பிறந்தவர், அப்போது 27 வயசு. கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1932-இலேயே இதழியல் பட்டம் வாங்கியவர். மேற்படிப்புக்கு மிசௌரி பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட்டார். மதிப்பெண் சான்றிதழில் தோலின் நிறம் எழுதியிருக்காது இல்லையா? இடம் கிடைத்துவிட்டது. ஜனவரி 30-ஆம் தேதி நேரில் போய் நின்றார். ஆளைப் பார்த்ததும் இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அதற்கு முந்தின மாதம்தான், 1938 டிசம்பர் 12-ஆம் தேதி, அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொல்லியிருந்தது. லாயிட் கெய்ன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் இதே பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரியில் இடம் கேட்டுப் போட்ட வழக்கு அது. வெள்ளை மாணவனுக்கு மாநிலத்துக்குள் சட்டக் கல்வி கொடுத்தால் கறுப்பு மாணவனுக்கும் மாநிலத்துக்குள்ளேயே கொடுத்தாக வேண்டும், வெளிமாநிலத்துக்குப் போ என்று கட்டணத்தைக் கையில் திணித்து அனுப்பக் கூடாது என்பது தீர்ப்பு. அரசு என்ன செய்தது? செயின்ட் லூயிஸ் நகரில் முன்பு அழகுக்கலைப் பள்ளி இருந்த கட்டிடத்தில் கறுப்பர்களுக்கென்று ஒரு சட்டப் பள்ளியைத் திறந்தது. கெய்ன்ஸ் அதில் சேரவில்லை. 1939 மார்ச்சில் சிகாகோவில் காணாமல் போனார். இன்றுவரை அவருக்கு என்ன ஆயிற்று என்று தெரியாது.

ஒருவர் காணாமல் போன பாதையில் லூசில் தொடர்ந்து நடந்தார். 11 முறை போய் இடம் கேட்டார். வழக்குப் போட்டார். கெய்ன்ஸுக்காக வாதாடிய சார்ல்ஸ் ஹாமில்டன் ஹூஸ்டன்தான் இவருக்கும் வழக்கறிஞர். அவரும் ஓர் ஆசிரியரே. கறுப்பர் கல்வி நிறுவனமான ஹோவர்டு பல்கலைக்கழகத்தின் சட்டப் பள்ளியை நடத்தியவர். தர்குட் மார்ஷல் அவருடைய மாணவர். பள்ளிகளில் நிறப்பிரிவினை கூடாது என்று 1954-இல் வந்த தீர்ப்புக்கு வாதாடியவர் அந்த மார்ஷல்.

1941-இல் மிசௌரி உச்ச நீதிமன்றம் ஒரு நூதனமான தீர்ப்பைச் சொன்னது. கறுப்பர்களுக்கென்று லிங்கன் பல்கலைக்கழகம் இருக்கிறது, முதலில் அங்கே போய் இந்தப் படிப்பைக் கேள், உரிய காலத்துக்குள் அவர்கள் தராவிட்டால் மிசௌரி பல்கலைக்கழகம் உன்னைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றது. லூசில் கேட்டார். 1942-இல் லிங்கனில் அவசர அவசரமாக இதழியல் பள்ளி திறந்தார்கள். இந்தப் பக்கம் மிசௌரி பல்கலைக்கழகம், போர்க்காலம், மாணவர் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று காரணம் சொல்லித் தன்னுடைய இதழியல் மேற்படிப்பையே நிறுத்திவைத்தது.

ஒரு கறுப்பினப் பெண் உட்காரக் கூடாது என்பதற்காக வெள்ளை மாணவர்களின் படிப்பையும் சேர்த்து மூடினார்கள். நாம் இறங்குவோம் என்பதற்காகக் குளத்தையே பாழாக்குகிற ஊர்களைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. அந்தப் பல்கலைக்கழகத்துக்குள் முதல் கறுப்பின மாணவர்கள் நுழைய 1950 வரை ஆயிற்று.

லூசில், தனியாகத் திறந்த பள்ளியில் சேரவே இல்லை. ‘கால்’ இதழுக்கே திரும்பினார். தன் வழக்கைத் தானே தன் பத்திரிகையில் எழுதினார். 1955-இல் நிறுவனர் செஸ்டர் ஃபிராங்க்ளின் இறந்த பிறகு இதழின் ஆசிரியர் பொறுப்பை ஏற்று, 2003-இல் இறக்கும்வரை அந்தப் பத்திரிகையோடுதான் வாழ்ந்தார். 1984-இல் மிசௌரி இதழியல் பள்ளி அவருக்குப் பதக்கம் கொடுத்தது. 1989-இல் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டமும் கொடுத்தது. படிக்க வந்தபோது கொடுக்காத நாற்காலியை, ஐம்பது வருஷம் கழித்துப் பாராட்டு மேடையில் போட்டார்கள்.

சிப்பாய்களின் சம்பளத்தில் எழுந்த பள்ளி

லிங்கன் பல்கலைக்கழகத்தின் கதையையும் சொல்லியாக வேண்டும். 1866-இல் அதைத் தொடங்கியவர்கள் கறுப்புச் சிப்பாய்கள். உள்நாட்டுப் போரில் 62-ஆவது, 65-ஆவது கறுப்பர் காலாட்படைகளில் இருந்தவர்கள். மாதச் சம்பளம் 13 டாலர். அவர்களில் பலர் பாசறையில்தான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றார்கள். படை கலையும்போது, தங்கள் மக்களுக்கு ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்று சம்பளத்திலிருந்து 6000 டாலருக்கு மேல் போட்டுக் கொடுத்தார்கள். மகார் படைவீரர் மகனாகப் பிறந்து, ராணுவப் பள்ளி ஆசிரியரான தந்தையால் படிப்புக்குள் வந்த அம்பேத்கரை அறிந்த நமக்கு அந்தப் பணத்தின் கனம் புரியும்.

அந்த லிங்கனில் ஆர்மிஸ்டெட் பிரைட் ஆசிரியராக இருந்தார். இதழியல் பள்ளியை வளர்த்தெடுத்து நீண்ட காலம் நடத்தியவர் அவர்தான். அவர் முன்னால் இருந்த சிக்கலை நினைத்துப் பாருங்கள். அவர் நடத்த வேண்டிய பள்ளி விருப்பத்தோடு திறக்கப்பட்டது அல்ல. நிறப்பிரிவினையைக் காப்பாற்றுவதற்காகக் கட்டிய வேலி அது. லூசில் அதை ஏற்க மறுத்தது சரிதான். அப்படியானால் உள்ளே போய்ப் பாடம் நடத்தியவர் துரோகியா?

நம் இயக்கங்களிலும் இந்தச் சண்டை உண்டு. தனி விடுதி, தனிப் பள்ளி, நலத்துறை நிறுவனம் என்று எதைக் கொடுத்தாலும், ஒதுக்கிவைப்பதற்காகக் கொடுத்ததை வாங்கலாமா என்று கேட்போம். பிரைட்டின் வாழ்க்கை இதற்கு ஒரு விடை. மிசௌரியின் மாதிரியை அப்படியே நகல் எடுத்து மாணவர்களுக்குக் கொடுத்திருந்தால் அது மட்டமான நகலாகவே இருந்திருக்கும். அவர் இன்னொன்றைத் தேடிப் போனார்.

கறுப்பின மாணவனுக்கு வெள்ளை நாளேட்டில் என்ன தெரியும்? குற்றச் செய்தியில் மட்டும்தான் அவன் இனத்தான் வருவான். கல்யாணம், பிறப்பு, இறப்பு, பட்டமளிப்பு எதிலும் கிடையாது. தென்மாநிலப் பத்திரிகைகளில் கறுப்பர் பெயருக்கு முன்னால் திரு, திருமதி என்கிற மரியாதைகூடப் போடமாட்டார்கள். இப்படிப்பட்ட தாளை முன்மாதிரியாக வைத்துச் செய்தி எழுதக் கற்கிற பிள்ளை, தன்னையே அழித்துக்கொண்டுதான் கற்க வேண்டும். நமக்கென்று ஒரு தொழில் மரபு இருக்கிறது என்று முதலில் காட்டியாக வேண்டும். சொன்னால் போதாது, தாளைக் கையில் கொடுக்க வேண்டும். அந்தத் தாள்கள் எங்கே?

நூலகங்கள் கறுப்பர் பத்திரிகைகளைச் சேகரிக்கவில்லை. பெரும்பாலான இதழ்கள் சில வருஷங்கள் வந்து நின்றுபோனவை. எஞ்சியவை இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தன. பிரைட் அவற்றைக் கணக்கெடுக்கத் தொடங்கினார். 1940-களின் பிற்பகுதியில் கறுப்பர் பத்திரிகைகளை நுண்படச் சுருளில் பதிவு செய்கிற பெரும் பணி அவர் உழைப்பில் நடந்தது. 1951-இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் அவர் பெற்ற முனைவர் பட்டம் இதே வேலைக்குத்தான். 1827 முதல் 1950 வரை அமெரிக்காவில் வெளிவந்த கறுப்பர் பத்திரிகைகளின் பதிவேடும் வரலாறும். சுமார் 2700 பத்திரிகைகளை அவர் கண்டுபிடித்துப் பட்டியலிட்டார்.

2700! படிப்பறிவில்லாதவர்கள், எழுதத் தெரியாதவர்கள் என்று பழிக்கப்பட்ட மக்கள் 123 வருஷத்தில் நடத்தியவை. அடித்து நொறுக்கப்பட்ட ஐடாவின் பத்திரிகை மாதிரி, 1921-இல் துல்சா நகரில் கறுப்பர் குடியிருப்போடு சேர்த்து எரிக்கப்பட்ட ‘துல்சா ஸ்டார்’ மாதிரி எத்தனையோ அவற்றில் உண்டு. அந்தப் பட்டியலே ஒரு பாடத்திட்டம்தான். நீ முதல் ஆள் இல்லை, உனக்கு முன்னால் இத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள் என்று மாணவனிடம் ஆதாரத்தோடு சொல்ல முடிந்தது. பிரைட் 1991-இல் இறந்தார். அவர் முடிக்காமல் விட்ட கறுப்பர் பத்திரிகை வரலாற்றை ஹோவர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் கிளின்ட் வில்சன் முடித்து 1997-இல் நூலாகக் கொண்டுவந்தார். ஒரு ஆசிரியர் தொடங்கியதை இன்னொரு ஆசிரியர் முடித்துவைத்தார்.

எண்ணச் சொன்ன அறிக்கை

1967-இல் அமெரிக்க நகரங்கள் பற்றி எரிந்தன. காரணம் கண்டறிய அமைத்த கெர்னர் குழு 1968-இல் அறிக்கை கொடுத்தது. அதில் ஒரு அத்தியாயமே பத்திரிகைகளைப் பற்றியது. செய்தித்துறையில் எழுதுகிற, தொகுக்கிற வேலைகளில் கறுப்பர்கள் 5 விழுக்காட்டுக்கும் குறைவு, ஆசிரியர், மேற்பார்வையாளர் இடங்களில் 1 விழுக்காடுகூட இல்லை என்று சொன்னது. தகுதியுள்ள ஆள் கிடைக்கவில்லை என்று பத்திரிகைகள் சொன்ன சாக்கை ஏற்காமல், தேடிப் பிடித்துப் பயிற்சி கொடு என்றது. 1978-இலிருந்து நாளேட்டு ஆசிரியர்கள் சங்கம் செய்தி அறைகளில் யார் யார் இருக்கிறார்கள் என்று வருஷாவருஷம் கணக்கெடுத்தது. முதல் கணக்கில் வெள்ளையர் அல்லாதார் எல்லாரும் சேர்ந்தே 4 விழுக்காடுதான். 2000-க்குள் மக்கள் தொகைக்கு ஈடாக ஆக்குவோம் என்று வைத்த இலக்கை அவர்கள் எட்டவில்லை. ஆனாலும் எண்ணினார்கள். எண்ணியதால்தான் எட்டவில்லை என்பதே தெரிந்தது.

தில்லியில் ஒரு கறுப்பின நிருபர்

கென்னத் கூப்பர் கறுப்பின அமெரிக்கர். ‘பாஸ்டன் குளோப்’ நாளேட்டில் இருந்தபோது 1984-இல் புலிட்சர் பரிசு பெற்ற குழுவில் ஒருவர். 1990-களில் ‘வாஷிங்டன் போஸ்ட்’ நிருபராகத் தில்லியில் இருந்தார். 1996-இல் ஒரு செய்திக்காக ஒரு தலித் பத்திரிகையாளரிடம் பேச வேண்டியிருந்தது. மூத்த பத்திரிகையாளர் பி.என். உனியாலிடம் கேட்டார். உனியால் தேடினார். முப்பது வருஷத் தொழில் வாழ்க்கையில் தான் ஒரு தலித் பத்திரிகையாளரைக்கூடச் சந்தித்ததில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அரசு அங்கீகாரம் பெற்ற 686 செய்தியாளர்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தார். 454 பேர் சாதிப் பெயரைப் பின்னால் வைத்திருந்தார்கள். அவர்களில் 240 பேர் பார்ப்பனர். மீதிப் பேரில் 47 பேரை விசாரித்தார். அவர்களிலும் ஒரு தலித் இல்லை. 1996 நவம்பர் 16-ஆம் தேதி ‘பயனீர்’ நாளேட்டில் இதை எழுதினார்.

கவனியுங்கள். இந்தக் கேள்வி நம்ம நாட்டுச் செய்தி அறைக்குள்ளிருந்து வரவில்லை. ஐடாவும் லூசிலும் பிரைட்டும் உண்டாக்கிய மரபிலிருந்து வந்த ஒருவர் கேட்ட பிறகுதான் வந்தது. கண்ணுக்கு முன்னால் இல்லாததை இல்லை என்று பார்க்கவே ஒரு பயிற்சி வேண்டும். 1998-இல் சந்திரபான் பிரசாத்தும் ஷியோராஜ் சிங் பேச்சைனும் பத்திரிகை ஆசிரியர்கள் சங்கத்துக்கும் பிரஸ் கவுன்சிலுக்கும் மனுக் கொடுத்தார்கள். 2019-இல் ஆக்ஸ்ஃபாமும் நியூஸ்லாண்டரியும் செய்த ஆய்வில், செய்தி நிறுவனங்களின் 121 தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதியாரிடம் இருந்தன. பட்டியல் சாதியார், பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை. 23 வருஷத்தில் சைபர் சைபராகவே இருந்திருக்கிறது.

கறுப்பர் அனுபவத்தை நம்மோடு சேர்த்துப் பார்ப்பது புதுசும் இல்லை. ‘கிரைசிஸ்’ இதழை 24 வருஷம் நடத்தியவரும் பேராசிரியருமான டு பாய்ஸுக்கு 1946-இல் அம்பேத்கரே கடிதம் எழுதினார். அந்த அம்பேத்கர் 1920 ஜனவரி 31-இல் ‘மூக்நாயக்’ தொடங்கியபோது பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர். கோல்ஹாப்பூர் சாகு மகராஜ் 2500 ரூபாய் கொடுத்தார். ஆசிரியர் என்ற இடத்தில் பாண்டுரங் பட்கர் என்ற தலித் இளைஞரின் பெயர் இருந்தது. காசு கொடுத்தும் விளம்பரத்தைப் போட மறுத்தது திலகர் தொடங்கிய ‘கேசரி’. தன் பெயரைப் போட்டுக்கொள்ளாமல் ஓர் இளைஞனை ஆசிரியன் இடத்தில் உட்கார வைத்ததைவிடச் சிறந்த இதழியல் வகுப்பு ஏது?

நம் வகுப்பறையில்

இன்றைக்குத் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் காட்சித் தொடர்பியல், இதழியல் என்று துறைகள் பெருகிவிட்டன. சேரிப் பிள்ளைகளும் வருகிறார்கள். கேமரா பிடிக்க, படம் வெட்ட, ஐந்து பத்தியில் செய்தி எழுதச் சொல்லித்தருகிறார்கள். நல்லதுதான், வேலை வேண்டுமே. ஆனால் 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்று பெயர் வைத்தே பத்திரிகை நடத்தினார் என்பதையும், 1907 ஜூன் 19-இல் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கி 1914-இல் சாகும்வரை நடத்தினார் என்பதையும் எத்தனை வகுப்பில் சொல்கிறார்கள்? பறையன் இதழின் தாள்களைக் கண்ணால் பார்ப்பதே அரிது. தமிழன் இதழ்களை அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் வீட்டில் வைத்துக் காப்பாற்றினார்கள். அவற்றைத் தொகுத்து ஞான. அலாய்சியஸ் 1999-இல் பாளையங்கோட்டையிலிருந்து வெளியிட்ட பிறகுதான் பல்கலைக்கழகங்களுக்கு அயோத்திதாசர் கண்ணில் பட்டார். 85 வருஷம் அந்தத் தாள்களை எந்த இதழியல் துறையும் தேடிப் போகவில்லை. பிரைட் செய்த வேலையை இங்கே வீட்டுப் பரணும் சில தனிமனிதர்களும்தான் செய்தார்கள்.

விடுமுறை நாட்களில் நாங்கள் காலனிப் பிள்ளைகளுக்குச் செய்தி எழுதும் பயிற்சி நடத்துவதுண்டு. ஒரே சம்பவத்துக்கு மூன்று தாள் கொடுப்போம். நாளிதழ்ச் செய்தி, போலீஸ் எஃப்.ஐ.ஆர்., அடிபட்டவர்கள் சொன்னதை எழுதிய தாள். நாளிதழில் இரு தரப்பினர் மோதல் என்று இருக்கும். எஃப்.ஐ.ஆரில் அடிபட்டவர் எத்தனை பேர், எரிந்த வீடு எத்தனை என்று இருக்கும், எல்லா வீடும் ஒரே தெருவில் இருக்கும். அப்புறம் ஒரு பிள்ளை கேட்கும்: “அண்ணே, மோதல்னா ரெண்டு பக்கமும்ல எரிஞ்சிருக்கணும்?” ஐடா எதிரியின் தாளை எண்ணியது மாதிரிதான் இதுவும். அந்தக் கேள்வி வந்த பிறகு இலக்கணப் பிழையைத் திருத்த நமக்கு நேரம் இருக்கிறது.

ஊடகத்துறை ஆசிரியராக இருக்கிற நம் தோழர்கள் செய்ய வேண்டிய வேலைகள் கண்முன்னே கிடக்கின்றன. ஒவ்வொரு மாணவரும் தன் மாவட்டத்தில் வெளிவந்து நின்றுபோன ஒரு தலித் இதழைத் தேடட்டும். எத்தனை இதழ் வந்தது, யார் அச்சடித்தார், யார் காசு கொடுத்தார், ஏன் நின்றது என்று எழுதட்டும். கிடைத்த தாளைப் படமெடுத்துப் பத்திரப்படுத்தட்டும். படித்து முடித்து வேலைக்குப் போன பிள்ளைகள் தங்கள் செய்தி அறையில் நம்மவர் எத்தனை பேர் என்று வருஷத்துக்கு ஒரு முறை எண்ணி எழுதி அனுப்பட்டும். அடுத்த கூப்பர் வந்து கேட்கும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. 1990-களில் தட்டச்சிலும் சுழலச்சிலும் வந்த நம் சிற்றிதழ்களின் தாள்கள் ஏற்கெனவே பொடியத் தொடங்கிவிட்டன. வேலையை அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.